ஐந்து அங்குலம் அறுபத்திரண்டு

— அப்ப, மழை பெய்தது எண்டுதான் இப்பவும் சொல்லுறாய், கன்னையா?

— பேஞ்சதுங்க கிராணி ஐயா. சும்மா இல்ல, பேய்மழை. வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு.

— பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி.

— அதே தேதிதாங்க.

— ஐஞ்சு அங்குலமும், நூறிலை அறுபத்திரண்டு பங்கும். அவ்வளவு மழை ஒரு நாளிலை விழுந்தால் பிரிக்பீல்ட்ஸிலை வள்ளம் ஓடோணும். இஞ்சையிருந்து ரெண்டு தெரு தள்ளி என்ரை வீடு. அண்டைக்குக் கொடியிலை காய்ஞ்ச என்ரை வேட்டியிலை ஒரு பொட்டுத் தண்ணி படேல்லை. அது எப்பிடி?

— ஐயா வேட்டிக்கு அதிர்ஷ்டம் இருக்குங்க.

— பகிடி விடாதை.

— ஐயோ, கேலி இல்லீங்க. இந்த ஊரு மழைய உங்களுக்குத் தெரியாதா? ரயில் ரோட்டுக்கு இந்தப் பக்கம் ஊத்தும், அந்தப் பக்கம் புழுதி பறக்கும். அன்னைக்கு என்னா ஆச்சுன்னா, ஒரே ஒரு மேகம். நேரா வந்து நம்ம போணிக்கு மேல குந்திக்கிச்சு.

— போணியோ?

— அதாங்க, துரை வேலி போட்டு நட்டு வெச்சாரே, செம்புக் குழாய். லைன்ல எல்லாரும் மழைப்போணின்னுதான் சொல்றது.

— அதுக்குப் பேர் ரெயின் கேஜ். சரி, மேகம் வந்து ரெயின் கேஜுக்கு மேல குந்தினது. அந்த வேலிக்குள்ளை ஒரு வெள்ளைப் பெட்டியும் நிக்குது, அதுக்குள்ளை தர்மாமீட்டர் தொங்குது. அண்டைக்கு உச்சி வெக்கை தொண்ணூற்றேழு எண்டும் உன்ரை புத்தகத்திலை கிடக்கு. அடைமழை பெய்த நாளிலை தொண்ணூற்றேழு டிகிரியோ?

— அது வந்து... சுடுதண்ணி மழைங்க.

— கன்னையா.

— ஐயா.

— இந்தக் கனகசபை இருபது வருசமாய்க் கந்தோர் மேசையிலை கணக்கெழுதி இலக்கம் பாக்கிறவன். என்னட்டைச் சுடுதண்ணி ஊத்தாதை. நான் சொல்லுறதை வடிவாய்க் கேள். ஜனவரி, பிப்ரவரி, மார்ச் — மூண்டு மாசத்துக் கணக்கையும் துரை மேசையிலை விரிச்சு வைச்சிருக்கிறார். பெருவெள்ளம் வந்து ஐஞ்சு வருசமாகுது, ஆத்தங்கரையை இன்னும் எவ்வளவு உயர்த்திறது எண்டு இந்தக் கணக்கை வைச்சுத்தான் தீர்மானம். காஜாங், கிள்ளான், எல்லா இடத்திலையும் அண்டைக்குப் பூச்சியம். உன்ரை போணியிலை மட்டும் ஐஞ்சு அறுபத்திரண்டு. துரை சிவப்பு மையாலை அதைச் சுத்திப்போட்டு, பக்கத்திலை என்ன எழுதினவர் தெரியுமோ? 'இந்த ஆள் குடிகாரனோ பொய்யனோ எண்டு பார்த்துச் சொல்லவும்.'

— நான் குடிக்கிறது சம்பள நாள்ல மட்டுந்தாங்க.

— ரெண்டிலை எது எண்டாலும் முடிவு ஒண்டுதான். சீட்டுக் கிழியும். இந்த வருசம் சீட்டுக் கிழிஞ்சவனுக்கு ஆர் வேலை குடுக்கிறது? ரப்பர் விலை விழுந்த நாள் தொடக்கம் கப்பல் கப்பலாய் ஆக்களைத் திருப்பி அனுப்பினம். லைன் வீட்டைக் காலி பண்ணிப்போட்டு, நீயும் உன்ரை மனுசியும் போர்ட் சுவெட்டன்ஹாமிலை போய் வரிசையிலை நிக்க வேண்டியதுதான்.

— ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. திருப்பி அனுப்புறதுன்னா எங்கங்க அனுப்புவாங்க? நான் பொறந்ததே கிள்ளான் பக்கத்து எஸ்டேட்ல. எங்கப்பன்தான் கப்பல்ல வந்தான். நான் கப்பலையே பண்டமாரானுக்கு மண்வேலைக்குப் போனப்ப, தூரத்துல நின்னு பாத்ததோட சரி. போகாத ஊருக்கு நான் எப்படிங்க திரும்பிப் போறது?

— அப்ப உண்மையைச் சொல்.

— சொன்னேனேங்க. ஒரு மேகம்...

— போதும்யா, நிறுத்து. உள்ள இருந்து எல்லாத்தயும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். மானத்துல போற மேகத்தயெல்லாம் எதுக்கு வம்புக்கு இழுக்கற?

— ஏ வீரம்மா, நீ எதுக்கு வெளிய வந்த? போ உள்ள.

— கும்புடுறேங்கய்யா. நான் இவரு சம்சாரம். அன்னைக்கு மழை பேயல. ஒரு சொட்டு பேயல.

— பெய்யேல்லை. நல்லது. அப்ப அந்த ஐஞ்சு அறுபத்திரண்டு எங்கையிருந்து வந்தது?

— போணியில இருந்துச்சுங்க. அளந்தேன். எழுதுனேன்.

— நீ அளந்தனியோ? நீ எழுதினனியோ?

— ஆமாங்க.

— அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க ஐயா, அடுப்படி வெக்கையில ஏதோ ஒளர்றா...

— நீ வாயை மூடு, கன்னையா. நீ சொல்லு, பிள்ளை.

— இவருக்குக் காலையில ஆறு மணிக்குப் பெரட்டு. வேலைக்கு ஆள் பிரிக்கற மண்டோர் பேர் கூப்புடுறப்ப முன்னால நிக்கலேன்னா அன்னைக்கு வேலை கெடையாது. போணிய எட்டு மணிக்குத் தொறக்கணும்னு சட்டம். ஒரே ஆளு ஆத்தங்கரையிலயும் நின்னு இங்கயும் நிக்க முடியுமாங்க? மொத மாசம் இவரு விடியறதுக்கு முந்தியே குனிஞ்சு பாத்துட்டு, எட்டு மணின்னு எழுதிட்டு ஓடுனாரு. எனக்கு மனசு ஒப்பல. எட்டு மணின்னா எட்டு மணிதானே? நான் பாத்துக்கறேன்னுட்டேன். ரெண்டு வருசமா நான்தான் பாக்குறேன்.

— ரெண்டு வருசமோ! உனக்கு எழுத்துத் தெரியுமோ?

— எழுத்துத் தெரியாதுங்க. நம்பர் தெரியும். லைனுக்குப் பின்னால கூட்ஸ் வண்டி போவுதில்லீங்களா, பொட்டிக்குப் பொட்டி வெள்ளையா நம்பர் போட்டிருக்கும். இவரு சொல்லச் சொல்லப் பாத்துப் படிச்சுக்கிட்டேன். வண்டி நின்னா முழுசாப் படிப்பேன். ஓடுனா மொத மூணுதான் புடிபடும்.

— அதுதானே பார்த்தன். இந்தப் புத்தகத்து இலக்கமெல்லாம் ஏன் இவ்வளவு பெரிசாய், தார் பூசின மாதிரி நிக்குது எண்டு. சரி, அதைப் பிறகு பார்ப்பம். மழை இல்லாத நாளிலை போணிக்குள்ளை தண்ணி எப்பிடி வந்தது?

— நாங்க ஊத்துனோம்.

— என்னது?

— நாங்க பொம்பளைங்க ஊத்துனோங்க.

— போச்சு. எல்லாம் போச்சு. கப்பல்தான். ஏ புள்ள, நான் எவ்வளவு பாடுபட்டு ஒரு மேகத்தக் கொண்டாந்து நிறுத்துனேன்!

— கன்னையா, நீ கொஞ்சம் அங்காலை போய் இரு. ஏன் ஊத்தினீங்கள்?

— ஐயாவும் இதே ஊர்லதானே இருக்கீங்க. தை மாசம் பாதியிலேர்ந்து மழை கெடையாது. கெணறு சேறாப் போச்சு. பைப்புல காலையில ஒரு மணி நேரம் தண்ணி, அதுவும் நூலு மாதிரி. லைன்ல பதினாறு வீடு. மாரியாயி புள்ளைக்கு ஒடம்பு பூரா வேக்குரு, தொட்டாலே கத்துது. செவுத்துல கைய வெச்சா தோசக்கல்லுல வெச்ச மாதிரி சுடுது.

— எனக்குத் தெரியாதோ? என்ரை சின்னவனும் அந்த வெக்கையிலை வயித்தாலை போய்ப் படுத்தவன். ஒரு கிழமை கண் திறக்கேல்லை.

— எந்த வீட்டயும் அது விட்டு வெக்கலீங்க. அப்பதான், ஊர்ல செய்யறத செய்வோம்னு கெளம்புனோம். மழை வரலேன்னா புள்ளையாருக்குக் குடங்குடமா ஊத்தி, கழுத்துமுட்டும் தண்ணியில நிறுத்துவாங்க. அவருக்கு மூச்சு முட்டுனாத்தான் மேல சொல்லி மழைய அனுப்புவாரு. செங்கச் சூளைகிட்ட மரத்தடியில இருக்காரே, அவருக்கு மூணு நாள் ஊத்துனோம். ஆத்துலேர்ந்து இடுப்புல சொமந்து. ஒண்ணும் அசையல.

— பிள்ளையாருக்கு நீச்சல் தெரிஞ்சிருக்கும்.

— ஐயாவுக்குச் சிரிப்பா இருக்கு. அன்னைக்கு அங்க நின்ன யாரும் சிரிக்கல. நாலாம் நாள் ஒருத்தங்க சொன்னாங்க: 'இந்த ஊருல மழைக்குக் கணக்கு வெக்கறது புள்ளையார் இல்ல, அந்தப் போணி. துரையே மழைன்னா அதுகிட்ட வந்துதான் குனிஞ்சு பாக்குறாரு. அது தொண்டை காஞ்சு கெடக்கறப்ப வேற எங்க ஊத்தி என்ன பிரயோசனம்? அத நெறைங்க, வானம் தானா எறங்கும்'னாங்க. எங்களுக்கும் சரின்னு பட்டுச்சு.

— சரி எண்டு பட்டுது!

— பட்டுச்சுங்க. சாயங்காலமா, ஆம்பளைங்க யாரும் இல்லாத நேரம் பாத்து, போணிக்கு மஞ்சப் பூசி, பொட்டு வெச்சு ஊத்துனோம். மொதக் குடத்துலயே நெறஞ்சு வழிஞ்சுது. ஆனாலும் வந்தவங்க அத்தன பேரும் ஊத்துனோம். வேலிக்குள்ள மொழங்கால் சேறு.

— அரசாங்கத்து ரெயின் கேஜுக்கு மஞ்சளும் குங்குமமுமோ! நல்ல காலம், துரை அண்டைக்கு இந்தப் பக்கம் வரேல்லை. வந்திருந்தால் உண்டியல் எங்கை எண்டு கேட்டிருப்பார்.

— மறுநாளே கழுவித் தொடச்சுட்டேங்க.

— கழுவினாய் எல்லோ? அப்பிடியே உள்ளை கிடந்த தண்ணியையும் கவிட்டு ஊத்திப்போட்டுப் பூச்சியம் எண்டு எழுதியிருந்தால், இந்த உலகத்திலை ஒருத்தருக்கும் தெரிஞ்சிராது. நானும் வந்திருக்க மாட்டன். ஏன் எழுதினாய்?

— அது எப்படிங்க கவுக்கறது? போணிய நட்ட அன்னைக்குச் சட்டம் சொன்னது நீங்கதானே. இவருகிட்ட நீங்க சொன்னத வாசல்ல நின்னு நானும் கேட்டேன். 'எட்டு மணிக்குத் தொறந்து பார். உள்ள என்ன இருக்கோ அத அளந்து எழுது. இருக்கறதக் கொறைக்காத, இல்லாததக் கூட்டாத, உன் இஷ்டத்துக்கு எதயும் யோசிக்காத'ன்னீங்க.

— அது... அது மழையை நினைச்சுச் சொன்னது!

— நீங்க மழைன்னு சொல்லல. உள்ள என்ன இருக்கோன்னு சொன்னீங்க. எட்டு மணிக்குத் தொறந்தேன். தண்ணி இருந்துச்சு. எனக்கும் அது எப்படி வந்துச்சுன்னு தெரியும். கவுத்துடலாமான்னு ஒரு நிமிசம் தோணுச்சு. ஆனா இன்னைக்கு ஒண்ணக் கவுத்தா நாளைக்கு ஒண்ணக் கூட்டத் தோணும். அரை அங்குலக் கிளாசுல ஊத்தி ஊத்தி அளந்தேன். பதினோரு கிளாசு, அதுக்கு மேல பன்னெண்டு கோடு. ஒரு சொட்டு சிந்தல.

— பதினொரு அரை, ஐஞ்சரை. அதோடை பன்னிரண்டு. ஐஞ்சு அறுபத்திரண்டு. அது கொள்ளக்கூடியதே அவ்வளவுதான். கடவுளே, கணக்கு மட்டும் பிழைக்கேல்லை.

— ஐயா, எங்கள மன்னிச்சுடுங்க. பொம்பளைங்க, வெவரம் இல்லாம செஞ்சுட்டாங்க.

— பொறு கன்னையா. ஒரு வழி இருக்கு. இதை வாசிப்புக்காரன்ரை பிழை எண்டு எழுதாமல், வெளியாக்கள் வந்து அரசாங்கச் சாமானிலை கைவைச்சினம் எண்டு எழுதலாம். அப்ப உன்ரை சீட்டுத் தப்பும். ஆனால் ஆர் எண்டு துரை கேப்பார். எல்லாற்றை பேரும் வேண்டாம். யோசனை சொன்னாளே ஒருத்தி, மகா புத்திசாலி, அவளின்ரை பேர் ஒண்டு காணும்.

— அது முடியாதுங்க.

— ஏன் ஏலாது?

— அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லல. அழுதுக்கிட்டே சொன்னாங்க.

— அவளின்ரை மனுசன் ஆர்? என்ன வேலை?

— சொன்னா, அந்த மனுசன் வேலை போயிடுமில்லீங்களா?

— போகும். போகத்தான் வேணும். மனுசியை வீட்டுக்குள்ளை அடக்கி வைச்சிருக்கத் தெரியாதவனுக்கு அரசாங்க உத்தியோகம் என்னத்துக்கு?

— சரிங்க.

— என்ன சரி?

— ஒண்ணுமில்லீங்க. பேரு சொல்ல மாட்டேன்.

— ஏ புள்ள, சொல்லித் தொலையேன்! யாரு அது? தனலெட்சுமியா? இராஜம்மாவா? எவளோ ஒருத்தி சொன்னதுக்கு நாம கப்பலேறணுமா? உன்னக் கையெடுத்துக் கும்புடுறேன், சொல்லிடு.

— எனக்கும் பயமாத்தான்யா இருக்கு. ஆனா அன்னைக்கு எல்லாரும் ஒருத்தர் கைய ஒருத்தர் புடிச்சுக்கிட்டு நின்னோம். நானும்தான் ஊத்துனேன். ஒரு பேரு வேணும்னா என் பேர எழுதிக்கங்கய்யா.

— உன்ரை பேரை எழுதினால் அது கன்னையாவின்ரை சீட்டுத்தான். சரி, அது உங்கடை விருப்பம். இன்னொண்டும் கேள். ஒரு நாள் பொய்யெண்டால் தொண்ணூறு நாளும் பொய் எண்டு துரை சொல்லிப்போட்டார். இந்தப் புத்தகம் முழுக்கக் குப்பைக்கூடைக்குள்ளை போகும்.

— குப்பைக்கா? எதுக்குங்க குப்பைக்கு? குளிர் காய்ச்சல்லயும் எந்திரிச்சு, கம்பளியப் போத்திக்கிட்டு வந்து பாத்த கணக்குங்க அது!

— அதை நான் எப்பிடி நம்பிறது?

— கேளுங்க. பொஸ்தகம் உங்க கையில இருக்கு. எந்தத் தேதி வேணும்னாலும் கேளுங்க.

— விசர்க் கதை. தொண்ணூறு நாளையும் ஆர் மனதிலை வைச்சிருக்கிறது?

— கேட்டுத்தான் பாருங்களேன்.

— தைப்பூசத்துக்கு அடுத்த நாள்.

— பத்துமலைக்கு நடந்து போனவங்க அத்தன பேரும் கால் கொப்பளிச்சு லைன்ல உக்காந்திருந்தாங்க. இவருந்தான். உச்சிச் சூடு தொண்ணூத்தஞ்சு. விடியக்காலம் எழுபத்துமூணு. போணி காலி.

— தொண்ணூற்றைஞ்சு. எழுபத்து மூண்டு. ம். ஜனவரி ஒன்பது?

— சந்திரகலா அக்கா மகளப் பொண்ணு பாக்க காஜாங்குலேர்ந்து வந்தாங்க. மாப்பிள்ள வீட்டுக்காரங்க தெப்பமா நனைஞ்சு வந்து, பலகாரத்தயும் தொடாம தல தொவட்டிக்கிட்டு இருந்தாங்க. ஒண்ணு, முட்டை, நாலு.

— ஒரு அங்குலமும் நாலும். சரிதான். ஜனவரி இருபத்திரண்டு? இதிலை ஒண்டுமில்லை, ஒரு கோடு இழுத்திருக்கு.

— அன்னைக்கு நல்ல மழைங்க. அளக்கறப்ப போணி கையில வழுக்கிடுச்சு. கொட்டிப் போனத எப்படி எழுதறது? சுமாரா ஒண்ணரை இருக்கும், போட்டுடுன்னு இவரு சொன்னாரு. சுமாருன்னு ஒரு நம்பர் இல்லையேன்னு கோடு போட்டு விட்டுட்டேன்.

— சொன்னேங்க. ஒண்ணரைன்னு தான் சொன்னேன். ரெண்டு நாள் எங்கூடப் பேசல.

— மார்ச் ரெண்டு?

— மார்ச் ரெண்டுங்களா...

— என்ன, மறந்து போச்சோ?

— மறக்கலீங்க. முட்டை, மூணு. வெறும் மூணு கோடு. ஒரு குருவி குடிச்சாப் பத்தாது. முப்பத்தாறு நாளைக்கப்புறம் வானத்துலேர்ந்து வந்த மொதத் தண்ணிங்க அது. கிளாசக் கண்ணுக்கு நேராப் புடிச்சுக்கிட்டு நான் பாட்டுக்கு அழுதுட்டேன். அந்த எடத்துல மை கொஞ்சம் பரவியிருக்கும், பாருங்க.

— ஓம். பரவித்தான் கிடக்கு. நான் மழைத்துளி எண்டு நினைச்சன்.

— ரெண்டு நாள் கழிச்சு ரெண்டே கால் அங்குலம் கொட்டுச்சு. லைன்ல ஒரு ஆளு உள்ள இல்ல. எல்லாம் தெருவுல நின்னு நனைஞ்சோம்.

— பாத்தீங்களா ஐயா? ஊத்துனதுக்குப் பலன் இருந்துச்சு பாத்தீங்களா?

— பதினொரு நாள் பொறுத்தால் ஊத்தாமலும் பெய்யும், கன்னையா. காத்து மாறினது, அவ்வளவுதான். இருக்கிறதுக்கு ஏதும் இருந்தால் கொண்டு வா.

— பலகை இருக்குங்க. இந்தாங்க, தொடச்சுட்டேன்.

— வீரம்மா, அந்த வெள்ளைப் பெட்டியைத் திறந்து, இப்ப எத்தினை எண்டு பார்த்துச் சொல்லும்.

— இப்பவா? இருங்க... எண்பத்தெட்டு. இல்லீங்க, ஒரு மசுரு கம்மி. எண்பத்தேழரைக்கு மேல, எண்பத்தெட்டுக்குக் கீழ. மழைக்காத்து வீசுதில்ல, எறங்கிக்கிட்டே இருக்கு.

— எங்கை, நானும் பாக்கிறன். தள்ளும்... எண்பத்தேழே முக்கால். ஓம். அதுதான்.

— தப்பாச் சொல்லலீங்களே?

— இல்லை. நான் ஒண்டு சொல்லுறன், ரெண்டு பேரும் கேளுங்கோ. ஆக்கள் புழுகினால் நான் ஏமாறுவன். இலக்கம் புழுகினால் ஏமாற மாட்டன். சில இடத்து வாசிப்புக்காரர், படிச்சவை, காற்சட்டை போட்டவை, வீட்டிலை படுத்துக்கொண்டே எழுதுவினம். தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு, தொண்ணூறு, தொண்ணூற்றிரண்டு. வானம் அப்பிடி அணிவகுத்து நடக்காது. உம்முடைய புத்தகத்திலை வெக்கை ஏறுது, இறங்குது, திடீரெண்டு நிக்குது. உயிரோடை இருக்கிற புத்தகம் இது.

— அப்ப குப்பைக்குப் போகாதுங்களா?

— குடத்தாலை ஊத்தின தண்ணியைக்கூட ஒரு கோடு கூட்டாமல் குறைக்காமல் எழுதின ஆள், பெய்த மழையிலை புழுகியிருக்க நியாயமில்லை. நான் இப்பிடித்தான் எழுதப் போறன். 'பத்தொன்பதாம் தேதி உள்ளை இருந்தது மழை இல்லை, ஆக்கள் ஊத்தினது. அளவு சரி. அந்த ஒரு நாளை மட்டும் நீக்கவும். மிச்ச நாள் முழுக்க நம்பலாம்.'

— பேரு?

— பேர் வேண்டாம். சமய வழக்கம் எண்டு எழுதினால் துரை அதுக்கு மேல கேக்க மாட்டார். அதிலை தலையைக் குடுக்க அவருக்குப் பயம்.

— ஐயா... இவரு சீட்டு?

— கிழியாது. ஆத்தங்கரையிலை மண் வெட்டட்டும். கன்னையா, இனி மேகத்தை ஆத்தங்கரைக்குக் கொண்டு போகாதை, வேலை கெட்டுப் போகும்.

— கொண்டு போகலீங்க! சத்தியமாக் கொண்டு போகலீங்க! ஏ புள்ள, என்னா அழுவுற, கப்பல் இல்லன்னுட்டாரு, சிரி!

— நான் அழுதா அழுதுட்டுப் போறேன், நீ சும்மா இருய்யா.

— அழுது முடிஞ்சால் இன்னொண்டு. புத்தகத்து அட்டையிலை வாசிப்பாளர் எண்ட இடத்திலை கன்னையா எண்டு கிடக்கு. அதை வெட்டிப்போட்டு உம்முடைய பேரை எழுதப் போறன். துரைக்கும் அப்பிடியே தெரிவிக்கப் போறன்.

— என் பேரையா? கெவர்மெண்டு பொஸ்தகத்துலயா?

— ஏன், விருப்பமில்லையோ?

— இருக்குங்க. விருப்பம் இல்லாமயா? ரெண்டு வருசமா அந்த அட்டையத் தொடைக்கறப்பல்லாம் பாப்பேன். ஆனா அவரு பேர வெட்ட வேண்டாம். கீழ எடம் இருக்கு, அங்க எழுதுங்க.

— அட, வெட்டுங்கய்யா! இல்ல, கீழயே எழுதுங்க. இல்ல, மேல எழுதுங்க, என் பேருக்கு மேல. பெருசா.

— மேல எழுதிறன். இந்தா... வீ-ர-ம்-மா. காயுமட்டும் விரல் வைக்காதையும்.

— இதானா என் பேரு? இப்படியா இருக்கும்?

— இதுதான்.

— மேல சுழிச்சுக்கிட்டு, அழகா இருக்கு.

— இடி முழங்குது. நான் வெளிக்கிட வேணும். இண்டைக்கு எவ்வளவு பெய்யும் எண்டு நினைக்கிறீர்?

— அத நான் எப்படிங்க சொல்றது? நாளைக்குக் காலையில எட்டு மணிக்குத்தான் தெரியும்.

— நல்ல பதில். இந்தப் பதிலைச் சொல்ல எங்கடை கந்தோரிலை ஒருத்தருக்கும் வாய் வராது.

— கொடை வேணுங்களா? பழசு, ஒரு பக்கம் ஒழுகும்.

— வேண்டாம், ரெண்டு தெருத்தானே. இந்தக் கூத்தை இண்டைக்கு வீட்டை போய் என்ரை மனுசிக்குச் சொல்லோணும். அவள் கான்வென்டிலை இங்கிலீசு படிச்சவள். ரெயின் கேஜுக்கு அபிஷேகம் செய்யிற சனமும் எங்கடை ஊரிலை இருக்கெண்டு கேட்டால் வயிறு நோகச் சிரிப்பாள்.

— சொல்லுங்கய்யா. சொல்லிட்டு, அன்னைக்கு யோசனையும் சொல்லி மொதக் குடமும் ஊத்துன அவசரத்துல அவங்க எங்க வீட்டுலயே விட்டுட்டுப் போன பித்தளைக் குடத்த எப்ப வந்து எடுத்துக்கறாங்கன்னும் கேட்டுடுங்க. அதுல அவங்க பேரு வெட்டியிருக்கு, அதான் யாரு கண்ணுலயும் படாம அரிசிச் சாக்குக்குப் பின்னால வெச்சிருக்கேன்.